பொருள் கொண்டுவந்தவருக்கெல்லாம் 1099 அனுப்ப வேண்டுமா?

அமெரிக்காவில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதில், பிறருடைய பொருளை வைத்து விற்றுக் கொடுத்துப் பங்கு எடுத்துக்கொள்ளும் கன்சைன்மென்ட் கடைகளும் உண்டு. ஜனவரி பிறந்துவிட்டால் அவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: பொருள் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குப் போன வருடம் நாம் கொடுத்த பணத்துக்கெல்லாம் 1099 படிவம் அனுப்ப வேண்டுமா? 1099 என்பது, யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று அவருக்கும் வரித்துறைக்கும் தெரிவிக்கும் படிவம். பொதுவாக வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் இந்த "வேண்டாம்" எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது தெரியாமல் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தேவையில்லாதவர்களுக்கு அனுப்பிவிட்டு, கட்டாயம் அனுப்ப வேண்டியவர்களை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்கிறேன். தனிநபர் தொழில் நடத்துபவர்கள் வருமான வரியோடு சேர்த்துத் தாக்கல் செய்யும் ஷெட்யூல் சி-யின் மேல்பகுதியில் ஐ, ஜே என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. 1099 தாக்கல் செய்ய வேண்டிய வகையில் இந்த ஆண்டு யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்பது முதல் கேள்வி. கொடுத்திருந்தால் தாக்கல் செய்தீர்களா, செய்வீர்களா என்பது அடுத்தது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான், கட்டத்தில் டிக் போட வேண்டும். வருடம் முழுக்க முந்நூறு நானூறு பேருக்குக் காசோலை எழுதிய ஒரு கடைக்காரர் அந்த வரியைப் படிக்கும்போது அவருக்கு என்ன தோன்றும்? எதற்கு வம்பு, எல்லாருக்கும் அனுப்பிவிடுவோம் என்றுதான் தோன்றும்.

கன்சைன்மென்ட் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தனக்கு வேண்டாத பழைய கோட் ஒன்றையோ கைப்பையையோ ஒருவர் கடைக்குக் கொண்டுவருகிறார். இவர்தான் கன்சைனர். கடை அதை விலைகொடுத்து வாங்குவதில்லை, எண் போட்டு, சீட்டு கட்டி, மாட்டி வைக்கிறது. விற்றால் ஆளுக்குப் பாதி, அல்லது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விகிதம். விற்கும்வரை பொருள் அவருடையதுதான், கடையின் சரக்குக் கணக்கில் அது சேராது. அறுபது தொண்ணூறு நாளில் விற்கவில்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சில கடைகள் பொருளை அப்போதே பணம் கொடுத்து வாங்கிவிடும், பல கடைகள் இரண்டையும் செய்கின்றன.

அப்படி ஒரு கடையின் கணக்கில் ஒரு வரி இப்படித்தான் இருக்கும்: கன்சைனர் எண், பொருள் எண், கம்பளிக் கோட், விற்ற விலை 80 டாலர், கடைப் பங்கு 40, கன்சைனர் பங்கு 40, கையாளும் கட்டணம் 2, கொடுக்க வேண்டியது 38. இந்த 38 டாலர் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்த அம்மாவுக்கு எதற்காகப் போகிறது? அவர் ஏதாவது வேலை செய்தாரா? இல்லை. அவருடைய கோட் விற்றது, அதற்கான பணம் போகிறது. விஷயம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பார்க்கும் முன்பு, எதற்காகக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும்.

1099-இல் வாடகை போன்ற இதர பணத்துக்கான 1099-மிஸ்க், ஊழியர் அல்லாதவரின் கூலிக்கான 1099-என்இசி என்று வகைகள் உண்டு. இவை இரண்டுக்கும் சேர்த்து ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க மத்திய வரித்துறை, வெளியிடும் வழிகாட்டியில், எந்தெந்தப் பணத்தைத் தெரிவிக்கத் தேவையில்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விற்பனைப் பொருளுக்கு, அதாவது சரக்குக்குக் கொடுக்கும் பணம் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. தொலைபேசி, சரக்குப் போக்குவரத்து, கிடங்குக் கட்டணம் எல்லாம் அதே வரியில் வருகின்றன. கருவூலத் துறையின் விதிகளில் 1.6041-3 என்ற பிரிவும் இதையேதான் சொல்கிறது. கொஞ்சம் யோசித்தால் காரணமும் புரியும். ஒரு மளிகைக் கடைக்காரர் தான் சரக்கு வாங்கிய ஒவ்வொருவருக்கும் 1099 அனுப்ப ஆரம்பித்தால் நாட்டில் காகிதம் போதாது. அதைவிட முக்கியமாக, பொருளை விற்றவருக்கு அதில் எவ்வளவு லாபம் என்று வாங்கியவருக்குத் தெரியாது. 38 டாலர் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியும். அதில் அந்த அம்மாவின் வருமானம் எவ்வளவு என்பது நமக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த விதிக்கு விலக்காக ஒரு சுவாரஸ்யமான பொருள் உண்டு, மீன்! மறுவிற்பனைக்காக மீனவர்களிடம் ரொக்கம் கொடுத்து மீன் வாங்கினால், அது 1099-மிஸ்க் படிவத்தில் தனிக் கட்டத்தில், 11-ஆம் கட்டத்தில், போக வேண்டும். சரக்குக்குக் கொடுத்த பணத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று அரசு நினைத்தால் அதற்கென்று தனியாகக் கட்டம் போட்டுக் கேட்கிறது. பழைய கோட்டுக்கும் கைப்பைக்கும் அப்படி ஒரு கட்டம் இல்லை.

சரி, தேவையில்லை என்றாலும் அனுப்பிவைத்தால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் இடம் இதுதான். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், அல்லது கணவர் இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்கிறார் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் புழங்கிய மேசை, நாற்காலி, கோட்டுகள் எல்லாவற்றையும் கடையில் கொடுக்கிறார். ஆண்டுக் கடைசியில் அவர் கைக்கு 900 டாலர் வந்திருக்கிறது. அவற்றை வாங்க அவர் செலவழித்தது அதைப் போலப் பல மடங்கு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளை நஷ்டத்துக்கு விற்றால் அதற்கு வரி கிடையாது, அந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆக அவரைப் பொறுத்தவரை வரிக்கணக்கில் இது ஒன்றுமேயில்லை. ஆனால் கடை ஒரு 1099-மிஸ்க் எடுத்து "இதர வருமானம்" என்ற கட்டத்தில் 900 என்று போட்டு அனுப்பிவிட்டால், அதன் ஒரு பிரதி ஐஆர்எஸ்ஸுக்கும் போகிறது. அங்கே கணினி அதை அவர் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கோடு, அதாவது ரிட்டர்னோடு, ஒப்பிடுகிறது. அவர் காட்டவில்லையென்றால் சிபி2000 என்ற கடிதம் வீட்டுக்கு வரும், நீங்கள் 900 டாலர் வருமானத்தை விட்டுவிட்டீர்கள், இவ்வளவு வரி கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று. அதற்குப் பயந்து பலர் கட்டியே விடுகிறார்கள். கட்ட வேண்டாத வரி! அதைவிடக் கொடுமை, 1099-என்இசி படிவத்தில் போட்டு அனுப்புவது. அது வேலை செய்ததற்கான கூலி என்று பொருள்படும். அதன் மேல் சுயதொழில் வரியும் ஏறும், அதுவே 15.3 சதவீதம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா குழந்தைகள் துணிக்கடை நடத்துகிறார். அவருடைய பழைய கணக்காளர் சொன்னார் என்று, வருகிற ஒவ்வொரு கன்சைனரிடமும், பணம் வாங்குபவர் தன் வரி எண்ணை எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தை வாங்கி ஒரு பெரிய பைண்டரில் போட்டு கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், கையெழுத்து எல்லாம் அதில். வார இறுதியில் வேலைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் உட்பட யார் வேண்டுமானாலும் புரட்டலாம். "அக்கா, இதுல ஒண்ணு வெளிய போனாக்கூட அந்த மனுஷன் பேருல எவனாவது கடன் வாங்கிடுவான், இத முதல்ல பூட்டி வைங்க" என்றேன். "ஐயோ, வரி ஆபீஸ் கேட்டா என்னப்பா காட்டுறது?" என்று பதறினார். வரி அலுவலகம் கேட்டால் காட்ட வேண்டியது ஒப்பந்தத் தாளும், விற்பனைப் பதிவும், காசோலைப் பதிவும்தான். கன்சைனரின் சமூகப் பாதுகாப்பு எண் அந்தக் கணக்கை ஒரு துளிகூடப் பலப்படுத்தாது. தேவையில்லாத ரகசியத்தை வாங்கி வைத்துக்கொள்வது நம் தலையில் நாமே பாரம் ஏற்றிக்கொள்வதுதான்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பல ஊர்களிலும் மாநிலங்களிலும் பழைய பொருள் வாங்குபவர்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு. நகை, மின்னணுப் பொருள் போன்றவற்றை வாங்கினால் விற்றவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்வார்கள். அது திருட்டுப் பொருளைத் தடுக்க, வரிக்காக அல்ல. அதை உங்கள் ஊர்ச் சட்டப்படி செய்யத்தான் வேண்டும்.

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருவோம், 1099 கட்டாயம் போக வேண்டியவர்கள். உடைக்குப் பித்தான் தைத்து, கிழிசல் சரிசெய்து கொடுக்கும் தையற்காரப் பெண். கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றி எண்ணெய் போடுபவர். மாதமொருமுறை ஜன்னல் அலங்காரம் செய்பவர். இரவில் தரை துடைக்க வருபவர், இணையதளத்துக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர். இவர்கள் எல்லாருக்கும் நாம் கொடுப்பது வேலைக்கான கூலி. இவர்கள் நிறுவனமாக, அதாவது கார்ப்பரேஷனாக இல்லாமல் தனி ஆளாகவோ கூட்டாளிகளாகவோ இருந்தால் 1099-என்இசி போக வேண்டும். கடை வாடகையை நேரடியாகக் கட்டட உரிமையாளருக்குக் கொடுத்தால் அது 1099-மிஸ்க்-இல் முதல் கட்டம். நடுவில் ஒரு சொத்து மேலாண்மை நிறுவனம் வாங்கிக்கொண்டால் நீங்கள் அனுப்ப வேண்டாம். வழக்கறிஞர் கட்டணம் மட்டும் கார்ப்பரேஷனாக இருந்தாலும் தப்பாது, தெரிவித்தே ஆக வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு? நெடுங்காலமாக ஆண்டுக்கு 600 டாலர் என்றுதான் இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 2,000 டாலராக உயர்த்தியது. ஆனால் இது 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் பணத்துக்குத்தான். 2025-இல் கொடுத்த பணத்துக்குப் பழைய 600-தான். அதற்குள் "இனிமேல் 2,000-தான்" என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டதால் 2025 கணக்கிலேயே பலர் தையற்காரரை விட்டுவிடப் பார்க்கிறார்கள். தவறு, அனுப்புங்கள். கூலியை கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் மட்டும் நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை, கார்டு நிறுவனம் அதைத் தன் பக்கத்திலிருந்து தெரிவிக்கும்.

டபிள்யூ-9 வாங்க வேண்டியது இவர்களிடம்தான், அதுவும் முதல் காசோலையைக் கொடுப்பதற்கு முன்பே. வேலை முடிந்து பணமும் வாங்கிக்கொண்டு போனவரை ஜனவரியில் தேடிப் பிடித்து எண் கேட்பது படாத பாடு. எண் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கொடுக்கும் பணத்தில் 24 சதவீதம் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு கடைக்கு வந்துவிடும். என்இசி படிவத்துக்கு ஜனவரி 31 கெடு, வேலை செய்தவருக்கும் ஐஆர்எஸ்ஸுக்கும் சேர்த்து. எல்லா வகைப் படிவங்களும் சேர்ந்து பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் மின்னணு முறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஐஆர்எஸ்ஸின் ஐரிஸ் தளம் இலவசம். தாமதத்துக்கு அபராதமும் உண்டு. 2025-இல் தாக்கல் செய்ய வேண்டியிருந்த படிவங்களுக்கு, முப்பது நாளுக்குள் என்றால் ஒன்றுக்கு 60 டாலர், ஆகஸ்ட் 1-க்குள் 130, அதற்கும் பிறகு 330.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கும்போது. தையற்காரப் பெண்ணே தன் பழைய புடவைகளையும் தான் செய்த துணிப்பைகளையும் விற்கக் கொண்டுவருகிறார். கடை அவருக்கு மாதம் ஒரே காசோலை எழுதுகிறது, 212 டாலர் என்று. இதில் கூலி எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு? கணக்கில் பிரித்து எழுதவில்லையென்றால் ஆண்டுக் கடைசியில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு கணக்கு, முடிந்தால் இரண்டு காசோலை. இன்னொன்று, பணத்துக்குப் பதில் கடையிலேயே பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஸ்டோர் கிரெடிட். கன்சைனர் தன் பங்கை கிரெடிட்டாக எடுத்துக்கொண்டால் அதுவும் பொருளுக்கான பணம்தான், ஒன்றும் மாறாது. ஆனால் சனிக்கிழமை நாலு மணி நேரம் கல்லாவில் நில்லுங்கள், 60 டாலருக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அது சம்பளம். பணமாகக் கொடுக்கவில்லை என்பதால் அது மறைந்துவிடாது. நேரம் குறித்து, சொன்ன வேலையைச் செய்ய வைத்தால் அவர் ஊழியராகவே கணக்கில் வரக்கூடும், அப்போது 1099 போதாது, ஊழியர் சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவம் கொடுக்க வேண்டும். இதை நட்பு முறையில் நடக்கும் சின்ன விஷயம் என்று விட்டுவிடும் கடைகள் அதிகம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த மனிதருக்குச் சேர வேண்டிய சமூகப் பாதுகாப்புக் கணக்கு அதனால் குறைகிறது.

இனி கடைக்கே வரும் படிவம், 1099-கே. கார்டு இயந்திரம் கொடுக்கும் நிறுவனம் ஆண்டு முழுக்க அந்த இயந்திரத்தில் தேய்த்த மொத்தத் தொகையையும் இதில் போட்டு அனுப்பும். இதற்குக் குறைந்தபட்ச வரம்பு என்று ஒன்றும் இல்லை. மொத்தம் என்றால் மொத்தம்தான்: விற்பனை வரி, திருப்பிக் கொடுத்த பணம், கார்டுக் கட்டணம், கன்சைனர் பங்கு எதுவும் கழிக்கப்பட்டிருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டில் 2,00,000 டாலருக்கு விற்பனை, மேலே 7 சதவீத விற்பனை வரி 14,000. படிவத்தில் 2,14,000 என்று வரும். விற்பனையில் பாதி, ஒரு லட்சம், கன்சைனர்களுக்குப் போய்விட்டது. 14,000 மாநிலத்துக்கு. கார்டு நிறுவனம் 3 சதவீதம் எடுத்திருந்தால் ஆறாயிரத்துச் சொச்சம். மிச்சம் தொண்ணூற்று மூவாயிரத்துச் சொச்சம்தான், அதிலிருந்து வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம். ரிட்டர்னில் வெறுமனே கமிஷனை மட்டும் போட்டால் ஐஆர்எஸ் கையில் இருக்கும் படிவத்துக்கும் நம் வரிக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் தெரியும். அதனால் நான் செய்வது, முழு விற்பனையையும் மொத்த வரவில் காட்டி, கன்சைனர் பங்கை ஷெட்யூல் சி-யின் மூன்றாம் பகுதியில், விற்ற சரக்கின் அடக்கவிலையில் கழிப்பது. விற்பனை வரிக்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் தனியாக ஒரு தாளில் கணக்கு எழுதி, 2,14,000 எப்படி 2,00,000 ஆனது என்று காட்டி, ரிட்டர்னோடு சேர்த்து எடுத்துவைத்துவிடுவேன். கன்சைனர் வாரியான பதிவு உயிர்நாடியாவது இங்கேதான். 1099 அனுப்பத் தேவையில்லை என்பதால் பதிவும் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒரு லட்சம் டாலரைக் கழிக்கிறீர்கள், ஒவ்வொரு டாலரும் எந்தப் பொருளுக்கு யாருக்குப் போனது என்று காட்ட முடிய வேண்டும்.

கன்சைனர்களே வந்து "600 டாலர் தாண்டினால் படிவம் வருமாமே" என்று கேட்பதும் உண்டு. அது வேறு கதை. இணையச் சந்தைகள் தங்களிடம் விற்பவர்களுக்கு அனுப்பும் 1099-கே பற்றிய செய்தி அது. 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்டினால்தான் என்று இருந்த வரம்பை 2021-இல் வந்த சட்டம் 600 ஆகக் குறைத்தது. ஐஆர்எஸ் அதை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போட்டது, கடைசியில் 2025 சட்டம் பழைய 20,000, 200-க்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டது. மாசசூசெட்ஸ், வெர்மான்ட் போன்ற சில மாநிலங்கள் தங்கள் அளவில் 600-ஐயே வைத்திருக்கின்றன. தெருமுனைக் கன்சைன்மென்ட் கடை எழுதும் காசோலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கன்சைனர்களுக்குக் கடைகளை நான் கொடுக்கச் சொல்வது ஆண்டு அறிக்கை ஒன்று: என்னென்ன பொருள், எந்தத் தேதி, எவ்வளவுக்கு விற்றது, உங்களுக்கு எவ்வளவு. இது ஐஆர்எஸ்ஸுக்குப் போகாது, அவர்களுக்கு மட்டும். பாட்டியின் பழைய ஓவியம் லாபத்துக்கு விற்றிருந்தால், அல்லது ஒருவர் ஊர் ஊராகப் பொருள் பொறுக்கி வந்து விற்பதையே தொழிலாக வைத்திருந்தால், அந்த லாபத்துக்கு வரி உண்டு. படிவம் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் காட்டுவது அவர்கள் பொறுப்பு. அந்த அறிக்கை இருந்தால் அவர்களால் அதை ஒழுங்காகச் செய்ய முடியும்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு பாக்கி. கன்சைனர் வந்து வாங்கிக்கொள்ளாத பணம். வீடு மாறிப் போய்விட்டார், காசோலை திரும்பி வந்துவிட்டது, 38 டாலர்தானே என்று அவரும் மறந்துவிட்டார். இப்படி நூற்றுக்கணக்கான கணக்குகள் சேர்ந்தால் ஆயிரங்களில் நிற்கும். சில கடைகள் ஆண்டுக் கடைசியில் அதைத் தங்கள் வருமானத்தில் சேர்த்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகின்றன. அது கடையின் பணம் அல்ல. ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமை கோரப்படாத சொத்துச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட காலம்வரை வைத்திருந்து, உரியவருக்குக் கடிதம் போட்டுப் பார்த்து, வரவில்லையென்றால் மாநிலத்திடம் ஒப்படைத்து அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். காலக்கெடுவும் தொகை வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலக் கருவூலத்தின் தளத்தில் இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் வாங்காவிட்டால் பணம் கடைக்குச் சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறோமே என்பார்கள் சிலர். பல மாநிலங்களில் அந்த வரி செல்லாது. அந்தப் பாக்கிகளை "கன்சைனர்களுக்குத் தர வேண்டியது" என்ற தனித் தலைப்பில் கடனாகவே வைத்திருங்கள், எவ்வளவு நாளானாலும், மாநிலத்துக்குப் போகும்வரை.